தொழுவமும் இருதயமும்

சங்க காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்று, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆட்சியால் புகழ் எய்திய தருமபுரிச் சீமையில், ஆநிரை காக்கும் போரில் உயிர் துறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இன்றும் வயல் ஓரங்களிலும் ஊர் எல்லைகளிலும் காணக் கிடைக்கின்றன. மாட்டைக் காப்பதற்காகப் பிராணனைக் கொடுத்தவனைத் தெய்வமாக வைத்துப் படையலிட்ட ஜனங்களின் சந்ததியார், நூற்றாண்டுகள் பல கடந்தும், 1965ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து அம்மண் தனி மாவட்டமாகி, 2004இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து போன பின்பும், மழை பொய்த்தால் நிலம் கைவிடும், ஆடு மாடு கைவிடாது என்னும் நம்பிக்கையிலேயே ஜீவனம் நடத்தி வருகிறார்கள். ஒகேனக்கலுக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாட்டினமும், சேலம் கருப்பு வெள்ளாடும், மேச்சேரிச் செம்மறியும் அவர்கள் குடும்பத்தின் அங்கங்களாகவே வளர்கின்றன. அரூரை அடுத்த புழுதியூரில் புதன்கிழமைதோறும் கூடும் சந்தையில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு, அந்த மாவட்டத்தின் செல்வம் எதில் இருக்கிறது என்பதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய நெருக்கம் மனிதனுக்குப் பாலையும் எருவையும் பணத்தையும் தருவதோடு, அரிதாகவேனும், கொடிய வியாதி ஒன்றையும் கொண்டு வந்து சேர்க்கக் கூடும். சினையுற்ற பிராணியின் கருப்பையிலும் அதன் பாலிலும் வாசம் செய்யும் சில நுண்கிருமிகள், அப்பிராணியைப் பேணுகிற மனிதனின் உடலுக்குள் எவரும் அறியாமல் புகுந்து, இரத்த ஓட்டத்தில் கலந்து, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து, இறுதியில் அவனுடைய இருதயத்தின் வால்வைப் பற்றி அழிக்கத் தொடங்குகின்றன. வழக்கமான பரிசோதனைகளில் அகப்படாத இக்கிருமிகளைக் கண்டுபிடிக்கும் வழி என்ன, அவற்றைத் தடுக்கும் உபாயம் என்ன என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இருதயத்தில் நான்கு வால்வுகள் இருக்கின்றன. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கும் அவ்வுறுப்பில், ஒவ்வொரு துடிப்பிலும் அவை திறந்து மூடி, இரத்தம் முன்னோக்கிச் செல்லவும் பின்னோக்கித் திரும்பாதிருக்கவும் காவல் புரிகின்றன. நாளொன்றுக்குச் சுமார் ஏழாயிரம் லிட்டர் இரத்தம் தங்களைக் கடந்து ஓடும்போதும், மெல்லிய ஜவ்வினாலான அந்த இதழ்களுக்குள் தமக்கென்று இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. இந்த அமைப்பு ஆரோக்கிய காலத்தில் குறையாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு கிருமி அங்கே குடியேறிவிட்டால், அதை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்கள் உள்ளே சென்று சேர வழியில்லாமலும், ஊசி மூலம் செலுத்தும் மருந்து போதிய அளவில் ஊடுருவ முடியாமலும் போய்விடுவதற்கு அதுவே காரணமாகிறது.

ஆரோக்கியமான வால்வின் வழவழப்பான மேற்பரப்பில் கிருமிகள் எளிதில் ஒட்டுவதில்லை. இளம் பிராயத்தில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, மூட்டு வீக்கமாக மாறி, இருதயத்தைத் தாக்கிவிட்டுச் செல்லும் ருமாட்டிக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய வால்வுகளும், பிறவிக் குறையுள்ள வால்வுகளும், அறுவைச் சிகிச்சையால் பொருத்தப்பட்ட செயற்கை வால்வுகளுமே பெரும்பாலும் கிருமிகளுக்கு இடம் கொடுக்கின்றன. ஏரி மதகின் பலகை நேராக இருக்கும்வரை தண்ணீர் சீராக ஓடுகிறது; பலகை கோணி விட்டாலோ, தண்ணீர் அவ்விடத்தில் சுழித்து, வரும் சருகையும் சேற்றையும் அங்கேயே சேர்த்து வைக்கிறது. சேதமுற்ற வால்வின் மேலும் அவ்வாறே இரத்தத் தட்டுகளும் நாரிழைகளும் படிந்து ஒரு சிறு படலம் உண்டாகிறது. இரத்தத்தில் தற்செயலாக மிதந்து வரும் கிருமிகள் அப்படலத்தில் புகுந்து பெருகுகின்றன. அவற்றின் மேல் மீண்டும் நார் படிகிறது. அதற்குள் மீண்டும் கிருமிகள் பெருகுகின்றன. இவ்விதமாக வளரும் முண்டு ஒரு பக்கம் வால்வை அரித்துத் துளையிடுகிறது. மற்றொரு பக்கம் துண்டு துண்டாக உடைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும், சிறுநீரகம், மண்ணீரல் முதலிய உறுப்புகளுக்குச் சென்று அவற்றின் அழிவையும் விளைவிக்கிறது. இருதய உள்ளுறை அழற்சி என்று வைத்தியர்கள் குறிப்பிடுவது இந்த நிலையைத்தான்.

1885ஆம் ஆண்டில் லண்டன் ராஜாங்க வைத்தியர் கல்லூரியில் நிகழ்த்திய பிரசங்கங்களில் இந்நோயின் லக்ஷணங்களை விரிவாகத் தொகுத்து உரைத்தவர் வில்லியம் ஆஸ்லர் என்னும் பேராசிரியர். அவருடைய காலத்திலும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் வரையிலும், இந்நோய் இன்னதென்று நிச்சயித்துவிட்டால் மரணம் நிச்சயம் என்றே பொருள். மகத்தான சங்கீத மேதையாகிய குஸ்தாவ் மாலர் 1911இல் மாண்டதும் இவ்வியாதியினால்தான். 1940களில் பென்சிலின் வந்த பிறகே இதிலிருந்து மனிதர்கள் மீளத் தொடங்கினார்கள். ஆயினும் மருந்து இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எத்தனை நாள் என்று தீர்மானிக்க இயலும். அதற்கென ஏற்பட்ட முறை, நோயாளியின் இரத்தத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று முறையேனும் எடுத்து, போஷணைத் திரவம் நிரம்பிய குப்பிகளில் விட்டு, உடலின் உஷ்ணத்தில் ஐந்து நாள் வரை வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதாகும். வாயில் வாழும் ஸ்டிரெப்டோகாக்கஸ், தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ், குடலில் வாழும் என்டெரோகாக்கஸ் ஆகிய மூவகைக் கிருமிகளே பெரும்பாலான நோயாளிகளிடம் காரணமாக இருப்பவை. அவை மூன்றும் இக்குப்பிகளில் தாராளமாக வளரும்.

ஆனால் பத்தில் ஒரு நோயாளியிடமாவது, சில தேசங்களில் மூன்றில் ஒருவரிடமும்கூட, குப்பி மௌனமாக இருந்துவிடுகிறது. ஜுரம் இருக்கிறது, இருதயத்தில் புதிதாக முணுமுணுப்பொலி கேட்கிறது, எக்கோ பரிசோதனையில் வால்வின் மேல் முண்டு தெரிகிறது. கிருமி மட்டும் அகப்படவில்லை. இந்த மௌனத்திற்கு இரு பெருங்காரணங்கள் உண்டு.

முதற்காரணம் நாமே உண்டாக்குவது. ஜுரம் என்றவுடன் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் நாலு மாத்திரைகளும், கிராமத்து வைத்தியர் உடனே போடும் ஊசியும், வால்வின் ஆழத்திலுள்ள கிருமியைக் கொல்லப் போதாவிட்டாலும், இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளை அடக்கிவிடுகின்றன. ஜுரம் தணிகிறது, நாலு நாள் கழித்துத் திரும்புகிறது, மறுபடியும் மாத்திரை, மறுபடியும் தணிவு. இப்படியே இரண்டு மாதம் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் நோயாளியின் இரத்தம், நோயின் சாட்சியத்தை இழந்த நிலையில் குப்பிக்குள் செல்கிறது. சாதாரணக் கிருமியே கூட இவ்விதம் மறைந்துவிடும்போது, நோயைக் கண்டறிய வந்த வைத்தியன் இருட்டில் நிற்க நேரிடுகிறது.

இரண்டாவது காரணம், குப்பியில் எளிதில் வளராத கிருமிகள் சில இருப்பது. தொழுவத்திலிருந்து வருபவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் முதன்மையானதைக் கண்டறிந்த வரலாறு, வைத்திய சாஸ்திரத்தில் மிகவும் போதனை மிக்க வரலாறுகளுள் ஒன்று. 1935ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் கசாப்புச் சாலைத் தொழிலாளர்களிடையே காரணம் விளங்காத ஜுரம் ஒன்று பரவியது. அதை ஆராய நியமிக்கப்பட்ட எட்வர்ட் டெரிக் என்னும் வைத்தியர், நோயாளிகளின் இரத்தத்தைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி அவற்றிலும் ஜுரம் உண்டாவதைக் காட்டினார். காரணம் என்னவென்று தெரியாததால், கேள்விக்குரிய ஜுரம் என்று குறிக்கும்படி ‘கியூ ஜுரம்’ எனப் பெயரிட்டு 1937இல் வெளியிட்டார். அவர் அனுப்பிய மாதிரிகளில் மெல்போர்னில் இருந்த மக்ஃபார்லேன் பர்னெட்டும் மேவிஸ் ஃபிரீமனும் கிருமியைக் கண்டனர். அமெரிக்காவின் மொன்டானாவில் உண்ணிகளை ஆராய்ந்து வந்த ஹெரால்ட் காக்ஸும் கார்டன் டேவிஸும் தனியே கண்டிருந்த கிருமியும் இதுவே என்பது பின்னர் புலப்பட்டது. காக்ஸ், பர்னெட் ஆகிய இருவரின் பெயர்களையும் இணைத்து அதற்குக் காக்ஸியெல்லா பர்னெட்டி என்று நாமகரணம் செய்தார்கள். அது மனிதனின் இருதய வால்வையும் பற்றும் என்பது 1959இல் பிரிட்டனில் நிரூபணமாயிற்று.

இக்கிருமியின் சுபாவம் ஆச்சரியமானது. நமது உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி, அமிலம் நிறைந்த பைகளில் இட்டுச் செரிக்கின்றன அல்லவா? ஏனைய கிருமிகள் மடியும் அந்த அமிலப் பையே காக்ஸியெல்லாவுக்கு வாசஸ்தலம். அங்கேதான் அது உண்டு பெருகுகிறது. உயிருள்ள அணுவுக்கு வெளியே அதை வளர்க்கும் திரவத்தை விஞ்ஞானிகள் தயாரித்தது 2009ஆம் ஆண்டில்தான் என்றால், ஆஸ்பத்திரிக் குப்பியில் அது ஏன் வளர்வதில்லை என்பது தெளிவாகும். அணுவை விட்டு வெளியேறினாலோ உலர்ச்சியையும் உஷ்ணத்தையும் தாங்கும் சிற்றுருவம் எடுத்து, தொழுவத்துப் புழுதியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது. நோயுற்ற ஆடு ஈனும்போது வெளிப்படும் இளங்கொடியின் ஒரு கிராமில் நூறு கோடி கிருமிகள் வரை இருக்கக் கூடும். அது உலர்ந்து தூசியாகிக் காற்றில் பறக்கும்போது, ஒருசில கிருமிகளைச் சுவாசித்தாலே ஒருவனுக்கு நோய் பற்றிவிடலாம். 2007 முதல் 2010 வரை நெதர்லாந்து தேசத்தில், வெள்ளாட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பிய இந்நோய் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் பாதித்தது. ஆட்டைத் தொட்டே இராத பலரும் பண்ணைக்கு அருகில் வசித்த காரணத்தால் நோயுற்றார்கள்.

பெரும்பாலோருக்கு இது சில நாள் ஜுரமாக வந்து தானே நீங்கிவிடும். வால்வில் ஏற்கெனவே பழுதுள்ள சிலரிடம் மட்டும் கிருமி தங்கி, பல மாதங்கள் கழித்து, உடல் மெலிவு, லேசான ஜுரம், மூச்சு வாங்குதல் என்று தலைகாட்டுகிறது. அப்போதும் வால்வின் மேல் பெரிய முண்டு தோன்றாமல் போவதால் எக்கோ பரிசோதனையும் ஏமாற்றிவிடக் கூடும்.

இரண்டாவது கிருமி புரூசெல்லா. மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய விட்டு விட்டு வரும் ஜுரத்திற்குக் காரணமாக டேவிட் புரூஸ் 1887இல் இதைக் கண்டறிந்தார். அது வெள்ளாட்டின் பால் வழியே வருகிறது என்பதைத் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் 1905இல் வெளிப்படுத்தினார். மறு வருஷம் படையினருக்கு ஆட்டுப் பால் கொடுப்பது நிறுத்தப்பட்டதும் அவர்களிடையே நோய் வேகமாகக் குறைந்தது. நம் நாட்டுக் குடியானவர் கன்று வீச்சு நோய் என்று அறிந்திருப்பது, பசுக்களில் இக்கிருமி உண்டாக்கும் கருச்சிதைவையே. மனிதனிடம் அது மூட்டு வலியாகவும், இடுப்பு வலியாகவும், இரவில் வியர்க்கும் ஜுரமாகவும் தோன்றிக் க்ஷயரோகமோ என்ற மயக்கத்தை விளைவிக்கிறது. நோயுற்றவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே இருதய வால்வு பாதிக்கப்படுகிறது; என்றாலும் புரூசெல்லாவால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு அந்தச் சிலரிடமே நிகழ்கிறது. பெருந்தமனி வால்வே இதற்கு அதிகம் இரையாவது.

மூன்றாவது இனமாகிய பார்ட்டொனெல்லா தொழுவத்தைச் சேர்ந்தது அன்று. அதில் ஒருவகை, முதல் உலக யுத்தத்தின்போது பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு உடைப்பேன் மூலம் ஜுரத்தை உண்டாக்கியது; மற்றொரு வகை பூனைகளிடமிருந்தும் அவற்றின் தெள்ளுப் பூச்சியிடமிருந்தும் வருவது. இவை இருதய வால்வையும் தாக்கும் என்று உலகம் அறிந்தது 1990களில்தான்.

இவையெல்லாம் பிற தேசத்து வியாதிகள், நம்மிடம் இல்லை என்று எண்ணுவதற்கு இடமில்லாதபடி 2008ஆம் ஆண்டில் ஒரு சான்று வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தரமணி டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த நந்தகுமார் பாலகிருஷ்ணனும் தங்கம் மேனனும், பிரான்ஸ் தேசத்து மார்செய் நகரில் இத்துறையில் பெரும் அநுபவம் பெற்றிருந்த ஃபூர்னியே, ராவுல்ட் ஆகியோருடன் சேர்ந்து, பார்ட்டொனெல்லா குவின்டானாவும் காக்ஸியெல்லா பர்னெட்டியும் இந்தியாவில் இருதய உள்ளுறை அழற்சிக்குக் காரணமாகின்றன என்பதை உலகறிந்த மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். தேடிய இடத்தில் கிருமி இருந்தது என்பதே இதன் பொருள். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதும் அதே 2008ஆம் ஆண்டில்தான்; ஆடு மாடுகளோடு ஒட்டி வாழும் ஒரு மாவட்டத்திற்குப் பெரிய ஆஸ்பத்திரியும், அங்கே கற்க வரும் இளம் வைத்தியர்களும் கிடைத்த வேளையிலேயே, அவர்கள் எதைத் தேட வேண்டும் என்ற அறிவும் தமிழகத்திலிருந்தே வெளிப்பட்டது என்று கொள்ளலாம்.

தேடுவது எவ்வாறு? கிருமி வளராவிட்டாலும், அதற்கு எதிராக உடல் தயாரித்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும். காக்ஸியெல்லாவுக்கு எதிரான ஒருவகை எதிர்ப்பொருள், இரத்த நீரை எண்ணூறு பங்குக்கு மேல் நீர்க்கச் செய்த பின்னும் தென்படுமானால், இந்நோயை நிர்ணயிக்கும் முக்கிய ஆதாரங்களில் ஒன்றாக அதை ஏற்கலாம் என்று, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள் வகுத்த விதிகள் 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டன. அறுவையில் வெட்டி எடுத்த வால்வின் திசுவில் கிருமியின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் காணும் பிசிஆர் பரிசோதனையும் உண்டு. ஆகவே, பழுதுற்ற வால்வை எடுத்தெறிந்து புதியதைப் பொருத்தியதோடு காரியம் முடிந்துவிட்டது என்று அறுவை வைத்தியர் கருதலாகாது. எறியப்படும் அத்துண்டே நோயாளியின் எதிர்காலச் சிகிச்சையை நிர்ணயிக்கும் சாட்சியம்.

ஆயினும் இப்பரிசோதனைகள் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் செய்யக் கூடியவை அல்ல. யாருக்குச் செய்வது என்று தீர்மானிக்க முதலில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். அந்தச் சந்தேகத்தை எழுப்புவது யந்திரம் அன்று, கேள்வி. தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி 1700ஆம் ஆண்டில் நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, பண்டைய வைத்தியர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அதைவிடச் சிறந்த உபதேசம் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ நெடுநாள் ஜுரத்தோடு வரும் ஒரு தாயிடம், “அம்மா, வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா? இந்த வருஷம் எதுவாவது கன்று வீசியதா? இளங்கொடியை நீங்களே எடுத்தீர்களா? பச்சைப் பால் குடிப்பது உண்டா?” என்று விசாரிக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தில் கிடைக்கும் பதில், ஐந்து நாள் வைத்திருந்த குப்பி சொல்ல மறுத்த உண்மையைச் சொல்லிவிடலாம். புரூசெல்லா என்ற சந்தேகம் எழுந்தால் அதைப் பரிசோதனைச் சாலைக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் அவசியம். ஏனெனில் அக்கிருமி, அதை வளர்த்துப் பார்க்கும் ஊழியரையே தொற்றும் இயல்புடையது.

காரணம் தெரிந்துவிட்டால் சிகிச்சை உண்டு. அதற்கு வேண்டிய மருந்துகளில் முக்கியமானவை சாதாரணமாகக் கிடைப்பவையே. காக்ஸியெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளினும், வெள்ளணுவின் அமிலப் பையில் அமிலத்தைக் குறைத்து அம்மருந்துக்கு வலுவூட்டும் ஹைட்ராக்ஸி குளோரோகுயினும் சேர்த்துப் பதினெட்டு மாதம், செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு இரண்டு வருஷம், இடைவிடாமல் கொடுக்க வேண்டும். புரூசெல்லாவுக்குப் பல மருந்துகளை ஒன்றாகப் பல மாதம் கொடுப்பதோடு, பெரும்பாலும் வால்வை மாற்றும் அறுவையும் தேவைப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சுதேசிச் செயற்கை வால்வு, அத்தகைய அறுவையை ஏழைகளுக்கும் எட்டும்படி செய்த பெரும் சாதனை. ஆனால் கிருமி இன்னதென்று அறியாமல் பொருத்தும் புதிய வால்வும், பழையது சென்ற வழியே செல்ல நேரிடும் என்பதை மறத்தலாகாது.

இனி, நோய் வருமுன் காக்கும் வழிகளைக் கூறுவோம். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம், இக்கிருமிகள் அனைத்தையும் அழிக்கவல்ல அரிய பாதுகாப்பு. பால் பதனிடும் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் என்ற அளவே, காக்ஸியெல்லா மடிவதை உத்தேசித்து 1950களில் அமெரிக்காவில் உயர்த்தி நிர்ணயிக்கப்பட்டதுதான். இருமலுக்கு நல்லது, குழந்தைக்குப் பலம் என்று ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு பச்சையாகக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். ஈன்ற மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டும் வழக்கம், பால் பெருக வேண்டும் என்ற அன்பான நம்பிக்கையில் பிறந்தது என்றாலும், அது காற்றில் உலர்ந்து தூசியாவதைவிட ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே மாட்டுக்கும் மனிதனுக்கும் க்ஷேமம். கன்று வீசிய பசுவைத் தொடும்போது கையுறை அணிதல் வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும், வால்வில் கோளாறு உள்ளவர்களும் அவ்வேளையில் தொழுவத்தைவிட்டு விலகியிருத்தல் வேண்டும். கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்திற்கும் எட்டு மாதத்திற்கும் இடையே ஒரே ஒரு முறை போடும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசியை, 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் கால்நடைத் துறையினர் இலவசமாகவே போட்டு வருகிறார்கள். கன்றுக்குப் போடும் அந்த ஊசி அதை வளர்க்கும் வீட்டாரின் இருதயத்துக்கும் காவல் என்பதை உணர்ந்து, அவர்கள் வரும் நாளில் கன்றைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

வாசகர்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. உங்கள் இருதய வால்வில் பழுது இருக்கிறது என்று வைத்தியர் எப்போதாவது சொல்லியிருந்தால், ஒரு வாரத்திற்கு மேல் நீடிக்கும் எந்த ஜுரத்திற்கும் மெடிக்கல் ஷாப் மாத்திரையை வாங்கி விழுங்காமல், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, மருந்து செல்லும் முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வைத்தியர் கேட்க மறந்தாலும், உங்கள் வீட்டில் ஆடு மாடு உண்டு என்பதையும், எந்தப் பிராணி கன்று வீசியது என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.